டீயா, காபியா? அதையும் கவனித்த பைலட்! ஜே.ஆர்.டி. டாடாவின் வானக் காதல்

வாகைக்குளத்தில் ஃப்ளைட் ஏறினதும் நம்மாட்கள் செய்கிற முதல் வேலை என்ன? மொபைலை எடுத்து ஜன்னல் வழியாக றெக்கையை வீடியோ எடுப்பதுதான். விமானம் மேலே எழும்பும்போது ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் தாமிரபரணி பாயும் பச்சை வயல். ரெண்டே நிமிஷத்தில் ஸ்டேட்டஸ் ரெடி. திருநெல்வேலிக்காரர்களுக்கு இப்போ விமானம் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்று வாகைக்குளம், இல்லாவிட்டால் திருவனந்தபுரம்.

இந்த வசதியெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போனால், ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்றில் தபால் மூட்டைகளோடு தனியாக உட்கார்ந்திருக்கும் 28 வயசுப் பையனிடம் போய் நிற்போம். பெயர், ஜஹாங்கிர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமா, ஜே.ஆர்.டி.

அவரை நமக்குப் பெரிய தொழிலதிபராகத்தான் தெரியும். ஆனால் அடிப்படையில் அவர் ஒரு விமானப் பைத்தியம். அந்தப் பைத்தியம் அவரிடமிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டது, பதிலுக்கு என்ன கொடுத்தது என்பதுதான் சுவாரஸ்யமான கதை.

பக்கத்து வீட்டில் ஒரு விமானம்

1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தவர் ஜே.ஆர்.டி. அப்பா பார்ஸி, அம்மா பிரெஞ்சுக்காரர். லீவுக்கு பிரான்ஸின் ஹார்டெலோ கடற்கரையில் உள்ள வீட்டுக்குப் போவார்கள். அங்கே பக்கத்தில் வீடு வைத்திருந்தவர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர்!

கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு வேறு என்ன ஆசை வரும்? 15 வயசில் ஒரு குட்டி ரவுண்டு விமானத்தில் போய்விட்டு வந்தார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார், நாமும் பைலட் ஆகணும் என்று.

அதற்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாயில் ஃப்ளையிங் கிளப் தொடங்கியதும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். சில மணி நேரப் பயிற்சியிலேயே தனியாக ஓட்டத் தொடங்கினார். 1929 பிப்ரவரி 10 அன்று லைசென்ஸ் கைக்கு வந்தது. அதன் எண், 1. இந்தியாவில் பயிற்சி பெற்று பைலட் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

தோற்றாலும் கெத்து

அடுத்த வருஷம் ஆகா கான் ஒரு போட்டி வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாக விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு. எந்தப் பக்கத்திலிருந்தும் கிளம்பலாம். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்ப்பக்கம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயசுப் பையன் வந்துகொண்டிருந்தான்.

இருவரும் எகிப்தின் அபூகிரில் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றான். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் போய்விட்டது, மாற்றுவதற்குக் கையில் ஸ்பேர் இல்லை. போட்டியாளன் நடுவழியில் நிற்கிறான். கண்டுக்காமல் கிளம்பிப் போயிருந்தால் ஜே.ஆர்.டி-க்குப் பரிசு உறுதி. அவர் தன்னிடமிருந்த ஸ்பேர் பிளக்கை எடுத்துக் கொடுத்தார்.

முடிவு? ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தான். அந்தப் பையன்தான் பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். ஜே.ஆர்.டி-க்குத் தோற்றதில் கடைசிவரைக்கும் வருத்தமே இல்லை.

ஒரு சிப்பம் தபால்

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து விமானத்தில் வரும் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் ரயில்தான். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு, லண்டனில் படிக்கும் மகன் எழுதிய கடிதம் வந்துசேர எத்தனை நாளாகும் என்று யோசித்துப் பாருங்க. வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் வர அஞ்சு நிமிஷம் தாமதமானாலே நமக்குப் பதற்றம்!

பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த நெவில் வின்சென்ட் என்பவர் ஒரு திட்டத்தோடு வந்தார். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராஸுக்குத் தபால் விமானம். டாடா குடும்பத்துப் பெரியவர் தோராப்ஜி முதலில் தயங்கினார், பிறகு 2 லட்சம் ரூபாய் முதலீட்டுக்குச் சம்மதித்தார்.

1932 அக்டோபர் 15, காலை 6.35 மணி. கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற குட்டி விமானத்தில் ஜே.ஆர்.டி. கிளம்பினார். சுமை, 55 பவுண்டு தபால். அதாவது 25 கிலோ, நம்மூரில் ஒரு சிப்பம் அரிசி! வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். ரேடியோ கிடையாது, வழிகாட்டும் கருவி கிடையாது. கீழே தெரியும் கடற்கரையையும் ஊரையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கணும். நடுவில் அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. மதியம் 1.50-க்கு பம்பாயின் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குப் பறந்தார் வின்சென்ட்.

மழைக்காலத்தில் ஜுஹு ஓடுபாதை கடல் தண்ணீரில் மூழ்கிவிடும். உடனே மொத்த செட்டப்பையும் தூக்கிக்கொண்டு புனாவுக்குப் போவார்கள். இத்தனை கஷ்டத்திலும் நேரம் தவறவில்லை. மழை, புயல் பார்க்காமல் சொன்ன நேரத்துக்குத் தபால் போய்ச் சேர்வதை அரசாங்க அறிக்கையே பாராட்டியது. 1935-ல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சேவை தொடங்கியது. செங்கோட்டை மலைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் விமானம் வந்துவிட்டது!

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. தபால் மூட்டையில் ஆரம்பித்த பயணம், 16 வருஷத்தில் கண்டம் தாண்டிவிட்டது.

கையை விட்டுப் போன பிறகு...

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு வலி பழக்கமாக இருக்கும். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. அவரிடமிருந்து பறித்தது அந்நிய அரசு. ஜே.ஆர்.டி-யின் கதையில் எடுத்துக்கொண்டது சொந்த நாட்டின் அரசு. இரண்டும் ஒன்றல்லதான். வ.உ.சி. கொடுத்த விலை மிகப் பெரியது. ஆனால் உயிராக வளர்த்தது இன்னொருவர் கைக்குப் போகும்போது மனசு என்ன பாடுபடும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1953-ல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. ஜே.ஆர்.டி. எதிர்த்து வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் தலைவராக இருங்கள் என்று அரசு கேட்டது. நாமாக இருந்தால் போங்கப்பா என்று கதவைச் சாத்தியிருப்போம். அவர் ஒப்புக்கொண்டார். சம்பளம் வாங்காமல் 25 வருஷம் பார்த்தார்.

பார்த்தார் என்றால் ஏனோதானோ இல்லை. பயணியாக ஏறினால் கையில் நோட்டு இருக்கும். சீட் சரியாகச் சாய்கிறதா, திரைச்சீலை நிறம் பொருந்துகிறதா, விளக்கு வெளிச்சம் படிக்கப் போதுமா, எல்லாம் அதில் ஏறும். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருக்கின்றன என்று குறை எழுதி அனுப்பியிருக்கிறார்! கவுன்ட்டரில் தூசி இருந்தால் தானே துடைத்துவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வதுண்டு. பஸ் மாத்தில் பறந்த காலத்தில் ஒரு சின்ன பிளக் போனாலும் பயணம் காலி. சின்ன விஷயம் என்று எதுவும் கிடையாது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பழைய விமானங்கள்தான்.

1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. நேரில் ஒரு வார்த்தைகூட முன்னாடி சொல்லவில்லை. இந்த முறை அவருக்கு நிஜமாகவே வலித்தது. இரண்டு வருஷம் கழித்து இந்திரா காந்தி அரசு இயக்குநர் குழுவுக்கு மறுபடியும் அழைத்தபோது, தலைவர் நாற்காலி இல்லை என்று தெரிந்தும் போனார்.

78 வயசில் ஒரு டேக் ஆஃப்

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானம் பறந்து சரியாக 50 வருஷம். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லெபர்ட் மாத் என்ற பழைய ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஏறி, கராச்சியிலிருந்து பம்பாய் வரைக்கும் அதே வழியில் தனியாக ஓட்டிவந்தார் ஜே.ஆர்.டி. அப்போது அவருக்கு வயசு 78. 1962-லும், 30 வருஷ நிறைவுக்காக, இதேபோல் பறந்திருந்தார்.

எதற்கு இந்த வயசில் இந்த ரிஸ்க்? புதிய தலைமுறையிடம் உற்சாகம் குறைந்துவிட்டதாக அவருக்கு ஒரு கவலை. நம்மாலும் முடியும் என்று அவர்கள் நினைக்க வேண்டும், அதற்காகத்தான் பறந்ததாகச் சொன்னார்.

1992-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் மறைந்தார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடியும் டாடா குழுமத்திடமே வந்தபோது பலருக்கும் முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். பார்க்க அவர் இல்லை.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஆசையாகத் தொடங்கிய யூடியூப் சேனல், நண்பர்களோடு ஆரம்பித்த கடை, ராத்திரி பகலாக உழைத்த ஒரு புராஜெக்ட். ஒருநாள் அது வேறொருவர் பெயருக்குப் போகலாம். கோபப்படலாம், தப்பே இல்லை. ஜே.ஆர்.டி-யும் கோபப்பட்டார். ஆனால் பெயர்ப்பலகை மாறிய பிறகும், டீ சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. அடுத்த தடவை வாகைக்குளத்தில் ஏறி, றெக்கையை வீடியோ எடுத்து முடித்ததும், கையில் வரும் டீயை ஒரு நிமிஷம் பாருங்க. அதன் நிறத்தைப் பற்றியும் ஒருத்தர் கவலைப்பட்டிருக்கிறார்!