கணக்கு ஆசிரியருக்கு மேடையில் இடம் கேட்ட துறவி

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாள்காட்டியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பிள்ளையின் பிறந்தநாள், பள்ளிக் கட்டணம் கட்டும் நாள், பங்குத் திருவிழாக் கொடியேற்றம் எல்லாவற்றையும் அதில்தான் குறித்து வைக்கிறோம். அந்த நாள்காட்டி சரியாக ஓடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அருள்தந்தை கிறிஸ்டோபர் கிளாவியுஸ், இயேசு சபைத் துறவி. நாள்காட்டியை விடப் பெரிய ஒரு தொண்டையும் அவர் செய்தார். பள்ளிகளில் கணிதத்தை யாரும் மதிக்காத ஒரு காலத்தில், அதற்கு வகுப்பறையில் உரிய இடம் கிடைக்க அவர் தம் வாழ்நாள் முழுவதும் போராடினார். அவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கிளாவியுஸ் 1538ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்தார். 1555இல், புனித லொயோலா இஞ்ஞாசியார் உயிரோடு இருந்தபோதே, உரோமையில் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே படிப்புக்காகப் போர்த்துக்கல் நாட்டின் கோயிம்பிரா நகருக்கு அனுப்பப்பட்டார். கணிதத்தின் பெரும்பகுதியை அவர் தம் சொந்த முயற்சியால்தான் கற்றுக்கொண்டார். 1560 ஆகஸ்ட் 21 அன்று கோயிம்பிராவில் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நண்பகல் நேரத்தில் இருள் சூழ்ந்ததையும், விண்மீன்கள் தெரிந்ததையும், பறவைகள் மிரண்டு தரையில் விழுந்ததையும் அவர் நேரில் கண்டார். பின்னாளில் தாம் எழுதிய வானியல் நூலில் அதைப் பதிவும் செய்தார். ஏழாண்டுகள் கழித்து, 1567 ஏப்ரல் 9 அன்று, உரோமையில் இன்னொரு கிரகணத்தைக் கண்டு குறித்து வைத்தார். இந்தக் குறிப்புகளை இன்றைய வானியலாளர்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

1560களின் தொடக்கத்தில் இறையியல் படிக்க உரோமைக்குத் திரும்பிய கிளாவியுஸ், 1564இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். அந்த ஆண்டுகளிலேயே உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். 1551இல் புனித இஞ்ஞாசியார் தொடங்கிய இக்கல்லூரி மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் கல்வி தந்தது. இன்றைய கிரகோரியன் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சியே. இடையில் சில காலம் வேறு இடங்களில் இருந்தது தவிர, தம் இறப்பு வரை ஏறக்குறைய 45 ஆண்டுகள் அங்கேயே அவர் பணியாற்றினார்.

அக்காலக் கல்வி நிலையை நாம் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். இறையியலுக்கு முதலிடம், மெய்யியலுக்கு அடுத்த இடம். கணிதம் கடைசி வரிசையில் நின்றது. கணித ஆசிரியருக்குச் சம்பளமும் மதிப்பும் குறைவு. யாராவது ஒருவரிடம் மற்ற வேலைகளோடு சேர்த்துக் கணிதத்தையும் கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. மெய்யியல் ஆசிரியர்கள் சிலர் வகுப்பிலேயே கணிதத்தைக் குறைத்துப் பேசினார்கள். கிளாவியுஸ் கற்பித்த அதே கல்லூரியில் பணியாற்றிய பெனடிக்ட் பெரேய்ரா என்ற புகழ்பெற்ற மெய்யியலாளரும், கணிதம் உண்மையான அறிவியலே அல்ல என்று வாதிட்டு நூல் எழுதினார். ஆசிரியரே இகழும் பாடத்தை எந்த மாணவன் விரும்பிப் படிப்பான்?

கிளாவியுஸ் இதைக் கண்டு மனம் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார். மாணவருக்கு அறிவு போதவில்லை என்று அவர் முடிவு செய்யவில்லை. கற்பிக்கும் முறையிலும், கற்பிப்பவருக்குத் தரப்படும் மதிப்பிலும்தான் குறை இருக்கிறது என்று கண்டார். 1580களின் தொடக்கத்தில், சபையின் பள்ளிகளில் கணிதத்தை வளர்க்கும் வழிகளைப் பற்றித் தம் மேலதிகாரிகளுக்குச் சில அறிக்கைகளை எழுதிக் கொடுத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவற்றில் உள்ள ஆலோசனைகள் இன்றைய கல்வித் துறைக்கும் பொருந்துவது நமக்கு வியப்பளிக்கிறது.

முதலாவது, கணித ஆசிரியர் அப்பாடத்தில் உண்மையான தேர்ச்சியும் ஆர்வமும் உள்ளவராக இருக்க வேண்டும். அவர்மேல் வேறு பல வேலைகளைச் சுமத்தக் கூடாது. இரண்டாவது, பட்டமளிப்பு விழாக்களுக்கும் பொது விவாதங்களுக்கும் மற்ற பேராசிரியர்களோடு கணித ஆசிரியரையும் அழைத்து அமர வைக்க வேண்டும். மேடையில் இடமில்லாத ஆசிரியரின் பாடத்தை மாணவர்களும் மதிக்க மாட்டார்கள் என்பது அவரது அனுபவம். மூன்றாவது, மெய்யியல் ஆசிரியர்களும் கணிதத்தை ஓரளவு கற்றிருக்க வேண்டும். மாணவர் முன்னிலையில் அதை இழிவாகப் பேசக் கூடாது. நான்காவது, மாதம் ஒருமுறை மாணவர்கள் கூடி, தாங்கள் கண்டறிந்த தீர்வுகளை எல்லோர் முன்பாகவும் விளக்கிப் பாராட்டுப் பெற வேண்டும். ஐந்தாவது, ஆர்வமுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுத்து, அவர்களையே நாளைய ஆசிரியர்களாக உருவாக்க வேண்டும்.

இவற்றோடு பாடத்திட்டம் ஒன்றையும் அவர் வகுத்தார். முழுமையாகக் கற்க விரும்புவோருக்கு நீண்ட பாடம், மற்றவர்களுக்கு நடுத்தரப் பாடம், நேரம் குறைந்தவர்களுக்குச் சுருக்கமான பாடம் என மூன்று நிலைகளை அமைத்தார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதையும், யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அவர் கேட்ட அனைத்தும் கிடைத்துவிடவில்லை. இயேசு சபையின் கல்வித் திட்டம் 1586இலும் 1591இலும் வரைவுகளாக வந்து, 1599இல் இறுதி வடிவம் பெற்றது. கிளாவியுஸ் விரும்பியதைவிட அதில் கணிதத்துக்குக் குறைந்த இடமே ஒதுக்கப்பட்டது. எனினும் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் யூக்ளிடின் வடிவியலைக் கற்பிக்க வேண்டும் என்பதும், மாதம் ஒருமுறையோ இரு மாதங்களுக்கு ஒருமுறையோ மாணவர் ஒருவர் புகழ்பெற்ற கணக்கு ஒன்றை அவையினர் முன்பாகத் தீர்த்துக் காட்ட வேண்டும் என்பதும் விதியாகவே இடம்பெற்றன. அப்போது ஐரோப்பாவிலும் அதற்கு வெளியிலும் 200க்கும் மேற்பட்ட இயேசு சபைக் கல்லூரிகள் இருந்தன. ஒரு தனி ஆசிரியரின் கவலை இவ்வாறு பல நாட்டு வகுப்பறைகளின் ஒழுங்காக மாறியது. அவர் கேட்ட ஆசிரியர் பயிற்சிக் குழுவும் 1590களில் உரோமைக் கல்லூரியில் நிலைபெற்றது.

நல்ல பாடநூல் இல்லாமல் நல்ல பாடம் இல்லை என்பதையும் கிளாவியுஸ் உணர்ந்திருந்தார். 1570இல் வானியல் விளக்கவுரை, 1574இல் யூக்ளிடின் வடிவியல், 1583இல் எண்கணிதம், 1604இல் நடைமுறை வடிவியல், 1608இல் இயற்கணிதம் எனப் பாடநூல்களை அடுத்தடுத்து எழுதினார். யூக்ளிடின் நூலை அப்படியே அச்சிடாமல், மாணவர் தடுமாறும் இடங்களில் விளக்கங்களையும் மாற்று நிரூபணங்களையும் சேர்த்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அந்நூல் பல பதிப்புகளைக் கண்டது. அறிஞர்கள் அவரைத் தம் நூற்றாண்டின் யூக்ளிட் என்று போற்றினர். பெரும் கண்டுபிடிப்புகள் எதுவும் அவர் பெயரில் இல்லை. பிறர் கண்டுபிடித்ததைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்ததே அவரது பெருமை.

இப்போது நாள்காட்டிக்கு வருவோம். யூலியு சீசர் காலம் முதல் வழக்கில் இருந்த நாள்காட்டி, ஓராண்டை 365 நாளும் 6 மணி நேரமும் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று நாம் எண்ணலாம். ஆனால் அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடுகிறது. 325இல் நீசேயா பொதுச்சங்கம் நடந்த காலத்தில் மார்ச் 21 அன்று வந்த இளவேனிற் சமநாள், 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11க்கே வந்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை இந்தச் சமநாளை வைத்தே திருஅவை கணிப்பதால், பெருவிழாவும் இடம் மாறிப்போனது.

திருத்தந்தை 13ஆம் கிரகோரி இதைச் சரிசெய்ய ஒரு குழுவை அமைத்தார். அடிப்படைத் திட்டத்தைத் தந்தவர் அலோய்சியுஸ் லில்லியுஸ் என்ற இத்தாலிய மருத்துவர். 1576இல் அவர் இறந்துவிட்டதால், அத்திட்டத்தை ஆராய்ந்து சீர்செய்வதிலும், பின்னர் உலகுக்கு விளக்குவதிலும் கிளாவியுஸ் முக்கியப் பங்காற்றினார். 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். அவரது திருவிழாவை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம். நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள் என்ற விதியும் அப்போது வந்தது. அதனால்தான் 1900 லீப் ஆண்டு ஆகவில்லை. 2000 லீப் ஆண்டாயிற்று. 2100 லீப் ஆண்டு ஆகாது.

எதிர்ப்புகளும் கடுமையாக எழுந்தன. ஜெர்மனியின் மிக்கேல் மேஸ்ட்லின், பிரான்சின் யோசேப்பு ஸ்காலிகர், பிரான்சுவா வியெட் போன்ற பேரறிஞர்கள் புதிய நாள்காட்டியைக் குறைகூறி எழுதினர். கிளாவியுஸ் ஒவ்வொருவருக்கும் கணக்கைக் காட்டியே பதில் சொன்னார். 1603இல் முழு விளக்க நூலையும் வெளியிட்டார். பிரித்தானியா 1752இலும், இரஷ்யா 1918இலும், கிரேக்கம் 1923இலும் இந்த நாள்காட்டியை ஏற்றன.

அவர் உருவாக்கிய மாணவர்களில் ஒருவரை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். 1570களில் அவரிடம் கணிதம் கற்ற மத்தேயோ ரிச்சி 1578இல் கோவா வந்து சேர்ந்தார். 1580இல் நம் அண்டை நகரான கொச்சியில் குருவாக அருள்பொழிவு பெற்றார். பின்னர் சீனாவுக்குச் சென்று, பவுல் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்ற சூ குவாங்சி என்ற அறிஞரோடு சேர்ந்து, யூக்ளிடின் முதல் ஆறு நூல்களை 1607இல் சீன மொழியில் வெளியிட்டார். மூலமாக அவர் எடுத்துக்கொண்டது தம் ஆசிரியர் கிளாவியுசின் பதிப்பையே. உரோமையின் ஒரு வகுப்பறையில் சொல்லிக் கொடுத்த பாடம், ஆசிரியர் கண்ணால் காணாத நாட்டுப் பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 டிசம்பரில் மத்தேயோ ரிச்சியை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

கிளாவியுசிடம் குறைகளும் இருந்தன. பூமியே அண்டத்தின் நடுவில் இருக்கிறது என்ற பழைய கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை. கொப்பர்நிக்குசின் கணிதத் திறமையை மதித்தாலும் அவரது கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் உண்மைக்கு முன் கண்ணை மூடிக்கொள்பவராக அவர் இருக்கவில்லை. 1587இல் 23 வயது இளைஞராகத் தம்மைச் சந்தித்த கலிலேயோவோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. 1610இல் வியாழனைச் சுற்றி நிலவுகள் இருப்பதாகக் கலிலேயோ அறிவித்தபோது, கிளாவியுஸ் முதலில் நம்பவில்லை. எழுபதைத் தாண்டிய வயதில், தம் மாணவர்களோடு தொலைநோக்கி வழியே பார்த்தார். கண்டதும் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலிலேயோவுக்குக் கடிதம் எழுதினார். 1611 ஏப்ரலில் கர்தினால் புனித இராபர்ட் பெல்லார்மின் கேட்டபோது, அக்கல்லூரிக் கணித அறிஞர்கள் கலிலேயோவின் கண்டுபிடிப்புகளை உறுதிசெய்தார்கள். நிலவில் மலைகள் உண்டு என்பதில் மட்டும் கிளாவியுசுக்குத் தயக்கம் நீடித்தது. அவ்வாண்டு வெளிவந்த தம் நூலின் இறுதிப் பதிப்பில், புதிய காட்சிகளுக்கு ஏற்ப வானமண்டலத்தின் அமைப்பை வானியலாளர்கள் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார். தம் காலம் முடிந்தது, அடுத்த தலைமுறை தொடரட்டும் என்று வழிவிடும் பண்பை அதில் காண்கிறோம். 1612 பிப்ரவரி 6 அன்று உரோமையில் இறைவனடி சேர்ந்தார்.

நிலவின் மிகப்பெரிய பள்ளங்களில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 200 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள அந்தக் கிளாவியுஸ் பள்ளத்தில்தான், சூரிய ஒளி படும் பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் இருப்பதாக அமெரிக்காவின் நாசா 2020 அக்டோபரில் அறிவித்தது.

அன்பார்ந்தவர்களே, இவருடைய வாழ்வு நமக்கும் சில கேள்விகளை வைக்கிறது. நம் வீடுகளில், பிள்ளையின் காதில் விழும்படியே, இவனுக்குக் கணக்கு வராது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? எனக்கும் கணக்கு வந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வதும், பாடத்தை இகழ்ந்த அந்த மெய்யியல் ஆசிரியர்களின் பேச்சும் பிள்ளையின் மனத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மதிப்பெண் குறைந்தால் பிள்ளையைக் கண்டிக்கிறோம். அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கிடைக்கிறதா, அவர்மேல் வேறு பணிகள் சுமத்தப்படுகின்றனவா என்று கேட்கிறோமா? ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறோமா? மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு ஏற்ற பாடத்தைத் தேடுகிறோமா, அல்லது அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோமா?

கணக்கும் அறிவியலும் சிலருக்கு மட்டும் உரியவை அல்ல. படைப்பின் ஒழுங்கை அறியும் திறனை இறைவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் தந்திருக்கிறார். அதைத் திறந்து விடுகிற ஆசிரியர்தான் பல பிள்ளைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்த வாரம் நம் பிள்ளையின் கணக்கு ஆசிரியரைச் சந்திப்போம். குறை சொல்வதற்காக அல்ல, நன்றி சொல்வதற்கும், அவருக்கு நாம் எவ்வகையில் உதவலாம் என்று கேட்பதற்குமாகச் சந்திப்போம். மாலையில் பத்து நிமிடமாவது பிள்ளையின் அருகே அமர்ந்து, அன்று கற்றதை நமக்கு விளக்கச் சொல்லிப் பொறுமையோடு கேட்போம்.