மூளை டாக்டர் பி. ராமமூர்த்தி

காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளையுதே, அதுதான் குருத்தெலும்பு. அது மண்டைக்குள்ளேயும் கட்டியாக வளருமாம்! நாம் அம்மா வயிற்றில் இருக்கும்போது மண்டையின் அடிப்பகுதி முதலில் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், பிறகுதான் எலும்பாகும். அப்படி மாறாமல் தங்கிய துணுக்கிலிருந்து இந்தக் கட்டி கிளம்புகிறது என்கிறார்கள். மூளைக் கட்டிகள் நூறில் ஒன்றுகூட இந்த வகை கிடையாது. அவ்வளவு அபூர்வம்.

மூளைக் கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுக்கச் சென்னையில் வழி உண்டாக்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இங்கிலாந்தில் நியூகாசிலில் மூளை அறுவை கற்றார். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்று பிரிவு தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 28தான்!

அன்றைக்கு ஸ்கேன் ஏது? சி.டி. ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுத்ததே 1971-ல், லண்டனில். அதற்கு முன்னால் எக்ஸ்ரேதான். குருத்தெலும்புக் கட்டியில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கழுத்து ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றியும் படம் எடுப்பாங்க. குழாய் எந்தப் பக்கம் ஒதுங்கி இருக்குன்னு பார்த்து, கட்டி இருக்கும் இடத்தைக் கணக்குப் போடணும். பிறகு மண்டையைத் திறந்து, கண் நரம்பிலும் ரத்தக்குழாயிலும் படாமல் துண்டு துண்டாக எடுக்கணும். முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. புற்றுநோய் வகையாக இருந்தால் மட்டும் கதிர்வீச்சும் கொடுப்பார்கள்.

இந்தக் கட்டி வருஷக்கணக்கில் மெதுவாகத்தான் வளரும். நமக்கு நேரம் கொடுக்குது. நாமதான் வீணாக்குறோம். எங்க கல்வராயன் மலையில் ஒரு பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷமா தலைவலி, காலையில் வாந்தி. காத்து கருப்பு என்று மந்திரிச்சாங்க. கண் மங்கிய பிறகுதான் கீழே கூட்டிப் போனாங்க. மூளையில் கட்டி! ஆபரேஷனில் உயிர் பிழைச்சாங்க, பார்வை திரும்பலை. இப்போ மலையிலிருந்து இறங்கினால் கள்ளக்குறிச்சியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு.

ராமமூர்த்தி 1951-ல் வேலூர் டாக்டர் ஜேக்கப் சாண்டி முதலிய மூவருடன் இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார். பத்மபூஷண் பெற்றார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தார். 2003 டிசம்பர் 13-ல், நான் பிறப்பதற்கு முன்பே, காலமானார்.