நெருப்பு வெச்ச கதை தெரியும், சுவர் கட்டின கதை தெரியுமா?

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நவம்பர் 5 என்ன நாள் தெரியுமா? உலக சுனாமி விழிப்புணர்வு நாள். ஐ.நா. சபை 2015 டிசம்பர்ல அறிவிச்சது. நமக்கெல்லாம் சுனாமின்னா டிசம்பர் 26 தான். அப்புறம் ஏன் நவம்பர் 5? எனக்கும் ரொம்ப நாளா இந்த சந்தேகம் இருந்தது.

என் ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமி வந்தப்போ எனக்கு வயசு மூணு மாசம். அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க, தப்பிச்சோம். தாத்தாவும் முதல் அலையில தப்பிச்சவர்தான். தண்ணி வடிஞ்சதும், படகு என்ன ஆச்சுன்னு பாக்கக் கரைக்குத் திரும்பிப் போனார். அடுத்த அலை முதல் அலையை விடப் பெருசா வந்தது. நான் தாத்தாவை போட்டோவில மட்டும்தான் பாத்திருக்கேன்.

அதனால இந்த நவம்பர் 5 எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். தேடிப் போன இடத்தில் ஒரு சோயா சாஸ் வியாபாரி இருந்தார். பேரு ஹமகுச்சி கோர்யோ. அவர் வாழ்க்கையைத்தான் இந்த மாசம் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

கோர்யோ பிறந்தது 1820-ல், கீ மாகாணத்தில் இருந்த ஹிரோ என்ற கடலோர கிராமத்தில். இன்றைக்கு அது வகயாமா மாவட்டத்தில் ஹிரோகவா என்ற ஊர். அவர் குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சோஷி என்ற துறைமுகத்தில் சோயா சாஸ் தயாரிக்கிற தொழில் இருந்தது. 1645-ல் ஆரம்பிச்ச அந்தத் தொழில் யமாசா என்ற பேரில் இன்னும் நடக்குது. கோர்யோவுக்கு 12 வயசு இருக்கும்போது தொழில் நடத்தின பெரிய குடும்பம் அவரைத் தத்து எடுத்துக்கிட்டது. பையன் சோஷிக்குப் போய் அடிமட்டத்திலிருந்து வேலை கத்துக்கிட்டான். வளர்ந்த பிறகு சோஷி, எடோ, ஹிரோன்னு மாறி மாறி வாழ்ந்தார். எடோன்னா இன்றைய டோக்கியோ. 1852-ல் சொந்த ஊர்ப் பசங்களுக்காக நண்பர்களோட சேர்ந்து ஒரு பள்ளியும் ஆரம்பிச்சார்.

இப்போ 1854-க்கு வருவோம். அப்போ அவருக்கு 34 வயசு, ஊரில்தான் இருந்தார். டிசம்பர் 23 காலையில பெரிய நிலநடுக்கம். கடல் ஒரு மாதிரி இருந்ததால ஊர் மக்கள் மேட்டில் இருந்த ஹச்சிமான் கோயிலுக்குப் போய்த் தங்கினாங்க. ராத்திரி பெருசா ஒண்ணும் நடக்கல. மறுநாள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. ஒரு நாள் பயந்தோம், ஒண்ணும் ஆகல, அப்போ இனிமே ஒண்ணும் ஆகாது. நாமளும் இப்படித்தானே யோசிப்போம்?

முதல் நடுக்கம் நடந்து ஏறக்குறைய 32 மணி நேரம் கழிச்சு, 24-ம் தேதி சாயங்காலம், இரண்டாவது பெரிய நடுக்கம். இந்த முறை சுனாமி வந்தது. மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லி விரட்டிக்கிட்டிருந்த கோர்யோவையே அலை அடிச்சுது. எப்படியோ ஒரு மேட்டைப் பிடிச்சு உயிர் தப்பினார்.

அதுக்குள்ள இருட்டிடுச்சு. கீழே இன்னும் ஆட்கள் தத்தளிச்சுக்கிட்டிருந்தாங்க. தீப்பந்தம் பிடிச்ச சில இளைஞர்களோட கோர்யோ திரும்ப கீழே இறங்கினார். வழியெல்லாம் இடிபாடு, எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் கடல்னு தெரியாத இருட்டு. வழியோரம் வயல்களில் வைக்கோல் போர்கள் வரிசையா இருந்தன. பத்துக்கும் மேற்பட்ட போர்களுக்குத் தீ வெக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தைப் பாத்து ஒன்பது பேர் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அதுக்கப்புறம் வந்த அலைதான் எல்லாத்தையும் விடப் பெருசு. எரிஞ்சுக்கிட்டிருந்த வைக்கோலையே அது அடிச்சுக்கிட்டுப் போச்சு. இதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

ஜப்பானின் பழைய காலண்டர்படி அந்த நாள் பதினோராவது மாசம், ஐந்தாம் தேதி. நவம்பர் 5 வந்த கதை இதுதான். நம்ம காலண்டர்படி டிசம்பர் 24. நம்ம சுனாமி நாளுக்கு ரெண்டே நாள் வித்தியாசம்.

இந்த நெருப்புக் கதை பிறகு உலகம் பூரா பரவிச்சு. 1896-ல் வடகிழக்கு ஜப்பானை இன்னொரு சுனாமி தாக்கியது. அதுக்கு அடுத்த வருஷம் லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் கோர்யோ கதையை இங்கிலீஷில் எழுதினார். அதைத் தழுவி ஒரு ஜப்பானியப் பள்ளி ஆசிரியர் எழுதின பாடம் 1937 முதல் 1947 வரை அங்கே பாடப் புத்தகத்தில் இருந்தது. ஆனா கதையில் நிறைய மாறிப்போச்சு. கதையில் வருவது ஒரு வயசான பெரியவர். மலை மேல் வீடு. தன் மொத்த நெல் அறுவடையையும் கொளுத்துறார், தீயை அணைக்க ஓடி வந்த ஊரே தப்பிக்குது. நிஜத்தில் அவர் 34 வயசு இளைஞர், எரிஞ்சது வைக்கோல், அவரையே அலை அடிச்சுது. ஊரில் முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. 125 வீடுகள் கடலோட போச்சு.

அதுவும் இல்லாம, கதை நெருப்போட முடிஞ்சுடுது. கோர்யோ செஞ்ச பெரிய வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

அன்னைக்கு ராத்திரி உயிர் பிழைச்ச ஆயிரத்துக்கு மேற்பட்டவங்களுக்குச் சோறு வேணுமே? முதலில் பக்கத்துக் கோயிலில் அரிசி வாங்கினார். அது பத்தாது. ராத்திரியோட ராத்திரியா பக்கத்து கிராமத்துத் தலைவர் வீட்டுக்குப் போய், தன் பொறுப்பில் 50 கொக்கு அரிசி கடன் வாங்கினார். கொக்குன்னா ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடுற அரிசின்னு அந்தக் காலத்துக் கணக்கு. அடுத்து வீடில்லாதவங்களுக்காக 50 வீடுகள். விவசாயிகளுக்குக் கருவிகள், மீனவர்களுக்குப் படகுகள். எல்லாம் சொந்தக் காசு.

அப்படியும் ஊர் நிக்கல. திரும்பவும் அலை வரும்னு பயம். வேலையும் இல்ல, நிலமும் போச்சு. ஜனங்க மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு ஊர் அழிய இன்னொரு சுனாமி தேவையில்லை, ஆட்கள் கிளம்பினாலே போதும்.

சிவில் நண்பர்களே, இனிமே நீங்க கொஞ்சம் கவனமா படிங்க. கோர்யோ ஒரு கடல் சுவர் கட்ட முடிவு பண்ணினார். அரசாங்கத்திடம் அனுமதி மட்டும் வாங்கினார், பணம் அவருடையது. 1855 ஆரம்பத்தில் வேலை தொடங்கியது. நீளம் சுமார் 600 மீட்டர், உயரம் 5 மீட்டர், அடி அகலம் 20 மீட்டர். கான்கிரீட் கிடையாது, ஜேசிபி கிடையாது. முழுக்க மண் கரை. கடல் பக்கம் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஒரு கல் சுவர் ஏற்கெனவே இருந்தது. அதை இடிக்காம அப்படியே விட்டு, அதுக்குப் பின்னாடி பைன் மரங்களை வரிசையா நட்டு, அதுக்கும் பின்னாடி மண் கரையை எழுப்பினார். கல் சுவர் முதல் அடியைத் தாங்கும். மரங்கள் அலை வேகத்தைக் குறைக்கும், அடிச்சுட்டு வர்ற படகையும் கட்டையையும் பிடிச்சு வைக்கும். மீதித் தண்ணியைக் கரை நிறுத்தும். ஒண்ணு தோத்தா அடுத்தது இருக்கு. நாம செமஸ்டர் எக்ஸாமுக்குப் படிக்கிற ரிடண்டன்சியை அந்த மனுஷன் எந்த டிகிரியும் இல்லாம செஞ்சிருக்கார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. வேலைக்கு வெளியாட்களைக் கூப்பிடல. ஊர்க்காரங்களுக்கே வேலை, பெண்களுக்கும் கூட. விவசாய வேலை இல்லாத நாட்களில் தினம் 400, 500 பேர். கூலியை அன்னன்னைக்கே கையில கொடுத்தார். சாயங்காலம் காசு கிடைக்கிற ஊரை விட்டு யார் போவாங்க? சுவர் உயர உயர ஊரும் எழுந்து நின்னுச்சு. நடுவில் 1855 கடைசியில் எடோவையும் பெரிய நிலநடுக்கம் தாக்கியது, அவர் வியாபாரத்துக்கும் நெருக்கடி. ஆனாலும் வேலையைக் கைவிடல. 1858 கடைசியில் சுவர் முடிஞ்சது. மொத்தம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆள்-நாள் உழைப்பு.

நன்றிக்காக ஊர்க்காரங்க அவருக்குக் கோயில் கட்டணும்னு கிளம்பினாங்க. அவர் வேண்டாம்னு தடுத்துட்டார். ஹெர்ன் கதையில் கோயில் கட்டியாச்சு, நிஜத்தில் சுவர் மட்டும்தான்.

அதே 1858-ல் ஜப்பானில் காலரா பரவியது. கோர்யோ சோஷியில் இருந்த ஒரு டாக்டரை எடோவுக்கு அனுப்பி, தடுக்கும் முறையைக் கத்துக்கிட்டு வர வெச்சார். எடோவில் அம்மைத் தடுப்பூசி மையம் தீயில் எரிஞ்சப்போ அதைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தார். இன்றைய டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவத் துறையின் வேர் அந்த மையம்தான். 1871-ல் அரசாங்கம் அவரைத் தபால் துறைத் தலைவராகப் போட்டது, கொஞ்ச நாள் இருந்தார். பிறகு வகயாமா மாவட்ட சபையின் முதல் தலைவர். வெளிநாடுகளைப் பாக்கணும்னு வாழ்நாள் முழுக்க ஆசை. வயசான காலத்தில் கிளம்பினார். 1885-ல் நியூயார்க்கில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். தன் சுவர் ஒரு சுனாமியைத் தடுக்கிறதை அவர் கடைசி வரை பாக்கவே இல்லை.

பாத்தது அவருக்கு அப்புறம் வந்தவங்க. 1946 டிசம்பர் 21, விடியறதுக்கு முன்னாடி, அதே கடலில் இன்னொரு பெரிய நிலநடுக்கம். சுமார் 4 மீட்டர் உயர சுனாமி ஹிரோவுக்கு வந்தது. சுவர் கட்டி முடிச்சு 88 வருஷம் ஆகியிருந்தது. சுவருக்குப் பின்னாடி இருந்த ஊரின் பெரும்பகுதி தப்பியது. ஆனா பிற்காலத்தில் ஊர் சுவர் மறைக்காத தாழ்வான இடங்களுக்கும் பரவியிருந்தது. அங்கே தண்ணி ஏறியது, உயிர்களும் போச்சு. சுவர் இருக்குன்னு நம்பி அதுக்கு வெளியே வீடு கட்டினா சுவர் என்ன பண்ணும்?

இன்னைக்கும் ஹிரோகவாவில் ஒவ்வொரு நவம்பரும் ஒரு விழா நடக்குது. 1903-லிருந்து நடக்கிற பழக்கம். பள்ளிப் பசங்க கையில் மண் எடுத்துட்டுப் போய் அந்தக் கரை மேல் போடுவாங்க. ஒரு பிடி மண்ணால கரை ஒண்ணும் உயராது. ஆனா ஏன் கட்டினாங்கன்னு அந்தப் பசங்களுக்கு மறக்காது.

நமக்கு? 2004-ல் தமிழ்நாட்டில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, அதில் பெரும்பாலானவங்க நாகப்பட்டினம் மாவட்டத்தில். சுமத்ராவில் நிலம் நடுங்கினதுக்கும் நம்ம கரையில் அலை அடிச்சதுக்கும் நடுவில் ஏறக்குறைய ரெண்டரை மணி நேரம் இருந்தது. யாரும் நமக்குச் சொல்லல, சொல்ல ஏற்பாடும் இல்ல. 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்துடுச்சு. இனிமே செய்தி வரும். வந்தா எங்க ஓடணும்னு நமக்குத் தெரியுமா?

எங்க ஹாஸ்டலில் போன செமஸ்டர் தீ ஒத்திகை நடந்துச்சு. பாதிப் பேர் ரூமைப் பூட்டிட்டுத் தூங்கினோம். அதில் நானும் ஒருத்தன். தாத்தா போட்டோ மாட்டின வீட்டிலிருந்து வந்த நானே!

அதனால கடைசியா இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கடற்கரையில் இருக்கும்போது பூமி பலமாவோ ரொம்ப நேரமோ ஆடினா, கடல் திடீர்னு உள்வாங்கினா, செய்திக்குக் காத்திருக்காம மேட்டுக்கோ உறுதியான மாடிக்கோ போயிடுங்க. முதல் அலை போனதும் திரும்பாதீங்க, அதிகாரபூர்வமா சொல்ற வரைக்கும் மேலேயே இருங்க. அடுத்த ஒத்திகைக்கு ரூமை விட்டு வெளியே வாங்க. நான் வர்றேன். அது நம்ம ஒரு பிடி மண்.