அடித்தலில் பிறந்த ஓவியங்கள்

அடித்தல் திருத்தல் இன்றி எழுத வேண்டும் என்பது பள்ளி நாள் முதலாக நாம் கேட்டுவரும் அறிவுரை. எழுத்து வாசனை அறியாத இல்லங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் போன்றோர்க்கு, தேர்வுத் தாளில் ஒரு சொல்லை அடிப்பதென்றாலே கை நடுங்கும். ஆனால், தாம் அடித்த சொற்களிலிருந்தே ஒரு புதிய கலையைப் படைத்த பெருமகனார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் கவியரசர் இரவீந்திரநாத் தாகூர்.

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில், தேவேந்திரநாத் தாகூரின் மகனாக இரவீந்திரர் பிறந்தார். வகுப்பறைச் சுவர்கள் அவருக்குச் சிறையாகவே தோன்றின. 1878இல் இங்கிலாந்து சென்று பயின்றவர், பட்டம் பெறாமலே 1880இல் திரும்பினார். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியதும், 1913இல் நோபல் பரிசு பெற்றதும், ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து 1919இல் ‘சர்’ பட்டத்தைத் துறந்ததும் யாவரும் அறிந்தவை. அவர் ஓவியரான கதையோ பலரும் அறியாதது.

உறவினரான ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் புகழ்பெற்ற ஓவியர்கள். இரவீந்திரருக்கோ முறையான ஓவியப் பயிற்சி கைகூடவில்லை. 1900ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலில், தாம் படம் வரையத் தொடங்கியிருப்பதாகவும், அவை பாரிசுக் கண்காட்சிக்கு உரியவை அல்ல என்றும், பென்சிலைவிட அழிப்பானே மிகுதியாக வேலை செய்கிறது என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

ஆசை மட்டும் அடங்கவில்லை. கவிதை எழுதும்போது பிடிக்காத சொல்லை அடிப்பார். அந்த மைத்திட்டு தாளின் அழகைக் கெடுப்பது அவர் உள்ளத்தை உறுத்தும். ஒரு திட்டையும் மற்றொரு திட்டையும் கோட்டால் இணைப்பார். எண்ணம் போன போக்கில் கோடு வளையும். வளைந்த கோடு அலகாகும், இறகாகும், கண்ணாகும். முடிவில் பெயரறியாப் பறவையோ விலங்கோ தாளில் நிற்கும். அடிபடாத வரிகள் அவ்வுருவத்தின் நடுவே ஓடை போல் ஓடும். கவிதையும் படமும் கலந்து தாள் முழுவதும் ஒரே வரைகலையாக மாறிவிடும். கவிதையில் தாம் பழகிய சந்தமே தமக்கு வாய்த்த ஓவியப் பயிற்சி என்று பிற்காலத்தில் அவர் கூறினார்.

1924இல் பெரு நாட்டுக்குப் புறப்பட்டவர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. அவரைப் பேணிய எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ, ‘பூரபி’ கவிதைகள் எழுதப்பட்ட கையேட்டைக் கண்டு வியந்தார். பிறர் கிறுக்கல் என்று ஒதுக்கக்கூடியதை அவர் கலையென்று கண்டார். பின்னர் இரவீந்திரர் எழுத்தின் துணையின்றித் தனி ஓவியங்களே தீட்டலானார். இன்னது வரைவோம் என்று முன்கூட்டியே திட்டமிடவில்லை. தூரிகையோடு துணித்துண்டும் விரலும்கூட அவருக்குக் கருவிகளாயின. ஓவியங்களுக்குத் தலைப்பும் இடவில்லை. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் அவருக்குக் குறை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அதுவும் அவரைத் தடுக்கவில்லை.

1930 மே மாதம், ஒகாம்போவின் முயற்சியால் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. எங்கே தெரியுமா? முப்பதாண்டுகளுக்கு முன் தமக்கு எட்டாததென்று வேடிக்கையாய் எழுதிய அதே பாரிசு மாநகரில்! அப்போது அவருக்கு வயது 69. அதே ஆண்டில் இலண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களும் அவற்றைக் கண்டன. 1941 ஆகஸ்டு 7இல் மறைவதற்குள் 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் படைத்துவிட்டார்.

உலகப் புகழ் பெற்ற கவிஞர், முதிய வயதில் மீண்டும் மாணவராகிப் பலர் முன் நிற்க நாணவில்லை. தவறிய சொல்லை மறைக்கவுமில்லை. அதற்கு இன்னொரு வடிவம் தந்தார். தேர்வுத் தாளில் நாம் படம் வரைய இயலாதுதான். எனினும், அடித்த இடத்தோடு எண்ணம் நின்றுவிடுவதில்லை என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து கற்போம், அச்சமின்றி எழுதுவோம்.