ஆம்பூர் பக்கத்து மலையில் நட்சத்திர ஒளியைப் பிடித்தவர்... யார் இந்த வைணு பாப்பு?

தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா காவலூர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயர்தான். ஆனா அதன் வழியே வானத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை.

1927-ல் சென்னையில் பிறந்தவர் பாப்பு. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்ததால், தொலைநோக்கி சின்ன வயசுப் பழக்கம். ஹார்வர்டில் படிக்கும்போதே, 1949-ல், புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சூரியனை ஆராய கொடைக்கானல் சரி, இரவு வானத்துக்கு வேறு இடம் வேணும். தேடி அலைந்து பிடித்ததுதான் காவலூர். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை ஆரம்பம். 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

இதோட நிறுத்தியிருக்கலாமே, எதுக்கு இன்னும் பெருசு?

இங்கதான் இயற்பியலின் குவாண்டம் எல்லை வருது. நட்சத்திர ஒளி குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீரா வராது. தூறல் மாதிரி, ஃபோட்டான் எனும் துகள்களாக முன்னே பின்னே வந்து விழும். 100 ஃபோட்டான் எண்ணினா சுமார் 10 கூடலாம், குறையலாம். அதாவது 10 சதவீதம் பிழை. 10,000 எண்ணினா பிழை 1 சதவீதம்தான். கருவி எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் இந்தத் தடுமாற்றம் போகாது. அதிக ஃபோட்டான் வேணும்னா ரொம்ப நேரம் காத்திருக்கணும், இல்லைன்னா கண்ணாடி பெருசா இருக்கணும். தூறலைப் பிடிக்க சொம்புக்குப் பதிலா அண்டா வைக்கிற கதை.

எல்லா நேரமும் காத்திருக்க முடியாது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, அதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கி மங்கித் திரும்பியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. அமெரிக்கக் குழு விமானத்திலிருந்து பதிவு செய்த அந்த மங்கலை, காவலூர் 1 மீட்டர் தொலைநோக்கியும் பிடித்தது. அந்தச் சில விநாடிகளில் கைக்கு வருவது கண்ணாடி அள்ளித் தருகிற ஃபோட்டான்கள் மட்டும்தான்.

1 மீட்டரைவிட ஐந்து மடங்குக்கும் மேல் ஒளி பிடிக்கும் 2.34 மீட்டர் கண்ணாடியை, இந்தியாவிலேயே தேய்த்து மெருகேற்ற பாப்பு முடிவெடுத்தார். வெளிநாட்டில் ரெடிமேடாக வாங்குவது சுலபம், அவர் விடலை. 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் ஆனார்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். வயசு 55.

1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய்வகத்துக்கும் பாப்பு பெயரே வைக்கப்பட்டது.