துருகானினி: நூறாண்டுக் காலம் மறுக்கப்பட்ட இறுதி விருப்பம்

1876 மே 8 அன்று, டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் துருகானினி இறந்தார். தம் உடலை அறுக்கவிடக் கூடாது என்பதே இறுதிக் காலத்தில் அவரை வாட்டிய கவலை. இறந்தபின் தம்மைக் கடலின் ஆழத்தில் இட்டுவிடுமாறு ஒரு பாதிரியாரிடம் வேண்டியிருந்தார். அவ்வேண்டுகோள் நிறைவேற நூறு ஆண்டுகள் ஆயின.

ஏறத்தாழ 1812-இல் புரூனித் தீவின் தொல்குடித் தலைவர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர் அவர். வெள்ளையர் குடியேற்றம் அவருடைய இளமையிலேயே குடும்பத்தைச் சிதைத்தது. தாய் கொல்லப்பட்டார், சகோதரிகள் கடத்தப்பட்டனர். 1830-களில், ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்னும் அரசு அலுவலர், பாதுகாப்பு அளிப்பதாக வாக்களித்துத் தொல்குடியினரைத் திரட்டினார். அவருக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் துருகானினி தீவெங்கும் நடந்தார். திரட்டப்பட்டவர்கள் பிளிண்டர்ஸ் தீவில் அடைக்கப்பட்டனர். சுமார் இருநூறு பேர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயும் ஏக்கமும் அவர்களைத் தின்றன. 1847-இல் ஆய்ஸ்டர் கோவ் குடியிருப்புக்கு மாற்றப்பட்டபோது எஞ்சியவர்கள் 47 பேர். துருகானினியும் அவர்களுள் ஒருவர்.

இறந்த உடலின் மீதும் ஆதிக்கம் கைவைக்கும் என்பதை 1869-இல் அவர் கண்டார். அவ்வாண்டு வில்லியம் லேன் என்னும் தொல்குடிக் கடலோடி இறந்தார். குடியேறிகள் அவரைக் கடைசித் தொல்குடி ஆண் என்று அழைத்தனர். அப்பட்டமே அவருடைய எலும்புகளுக்கு விலை வைத்தது. அறுவை மருத்துவர் வில்லியம் குரோதர் பிணவறையில் லேனின் மண்டையோட்டைக் களவாடி, வேறொரு மண்டையோட்டை உள்ளே வைத்துத் தைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்குப் போட்டியாக நின்ற ராயல் சொசைட்டியின் தரப்பினர் கைகளையும் பாதங்களையும் வெட்டினர். அடக்கம் செய்யப்பட்ட இரவிலேயே கல்லறையும் தோண்டப்பட்டது. குரோதர் மருத்துவமனைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டதோடு சரி. பின்னாளில் டாஸ்மேனியாவின் முதல்வரானார். அவருக்குச் சிலையும் எழுந்தது. 2024-இல்தான் அச்சிலை வெட்டிச் சாய்க்கப்பட்டது.

துருகானினியின் உடல் காஸ்கேட்ஸ் என்ற இடத்தில், பழைய பெண்கள் சிறையின் வளாகத்தில் புதைக்கப்பட்டது. உடலைக் கேட்ட ராயல் சொசைட்டிக்கு அரசு முதலில் இசையவில்லை. இரண்டே ஆண்டுகளில் அந்த உறுதி தளர்ந்தது. அறிவியலாளர் மட்டுமே காணலாம், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாகாது என்ற நிபந்தனையோடு 1878-இல் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்நிபந்தனையும் நிலைக்கவில்லை. 1904 முதல் 1947 வரை அவருடைய எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நின்றது.

இந்த அநீதிக்கு அடித்தளமாக இருந்தது ஒரு பொய். துருகானினியோடு டாஸ்மேனியத் தொல்குடி அழிந்துவிட்டது என்று பாடநூல்கள் கற்பித்தன. ஆனால் பிளிண்டர்ஸ் தீவில் பிறந்த ஃபேனி காக்ரேன் ஸ்மித் 1905 வரை வாழ்ந்தார். தம் மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அவருடைய வழித்தோன்றல்களும் தீவுகளில் வாழ்ந்த பிற தொல்குடிக் குடும்பங்களும் இன்றும் இருக்கின்றனர். ஓர் இனமே இல்லை என்று அறிவித்துவிட்டால், அவ்வினத்தாரின் உடலைக் கேட்டு வர உறவினர் எவரும் இருக்க மாட்டார். உரிமையாளர் அற்ற பொருளாக உடல் மாறும். அதன்பின் அருங்காட்சியகம் அதை உடைமையாகக் கருதும். இறந்தவர் தம் வாயாலேயே சொல்லிச் சென்ற விருப்பம் கணக்கில் வராது.

அந்த உறவினர்கள்தாம் இறுதியில் அவரை மீட்டனர். தொல்குடிச் சமூகத்தின் தொடர்ந்த கோரிக்கையால், 1976 ஏப்ரல் 30 அன்று எலும்புகள் எரியூட்டப்பட்டன. மறுநாள் அவர் பிறந்த மண்ணை ஒட்டிய டான்ட்ரகாஸ்டோ நீரிணையில் சாம்பல் தூவப்பட்டது. அப்போதும் கணக்கு முடியவில்லை. அவருடையவை எனக் கண்டறியப்பட்ட முடியும் தோலும் லண்டனில், அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் இருந்தன. அவை 2002-இல் திரும்பின.

அறிவியலின் பெயரால் இத்தனையும் நிகழ்ந்தன. அறிவியலுக்கு உடல் தேவைப்படலாம். தம் உடலை மனமுவந்து அளிப்போர் எக்காலத்திலும் உண்டு. துருகானினி அளிக்கவில்லை, மறுத்தார். அவர் மறுத்தது அனைவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே எடுத்ததற்குக் கொடை என்றோ ஆய்வு என்றோ பெயரில்லை, அது பறிப்பு. உயிரோடிருந்தபோது அவருடைய நிலத்தைப் பறித்த அதே அதிகாரம்தான், இறந்தபின் அவருடைய எலும்புகளையும் எடுத்துக்கொண்டது.