பஞ்சதந்திரம் எழுதிய அமைச்சர் துர்கசிம்மர்

பஞ்சதந்திரக் கதைகளைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். பாட்டி சொல்லியோ, அம்புலிமாமா படித்தோ, பள்ளிக்கூடத்துத் துணைப்பாடத்திலோ அந்தக் குரங்கும் முதலையும் எப்படியும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் நம் தேசத்தின் பேச்சு வழக்கிலுள்ள பாஷைகளில் இந்தக் கதைகளை முதலில் எழுதியவர் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது கன்னடப் பஞ்சதந்திரம். அதை இயற்றியவர் துர்கசிம்மர். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்மார்த்த பிராமணர். அரசாங்கத்தில் மிகப் பெரிய பதவி வகித்தவர். கன்னட இலக்கியம் படித்தவர்களிடம் இவர் பெயரைச் சொன்னால் உடனே தலையசைப்பார்கள். பல தலைமுறைகளாக இந்த ஊரில் குடியிருக்கும் தமிழர்களாகிய நாம்தான் அவரை அறியாமல் இருக்கிறோம்.

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்று, அரசுப் பணியில் முப்பத்தைந்து வருஷங்கள் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இலக்கிய ஆராய்ச்சி என் துறை அல்ல. ஆஸ்டின் டவுனில் காலை நடைக்கு வரும் கன்னட ஆசிரியர் ஒருவர் (அவரும் ஓய்வு பெற்றவரே) துர்கசிம்மரைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஓர் உத்தியோகஸ்தர் ஏன் நரியும் காக்கையும் பேசும் கதைகளை எழுத உட்கார்ந்தார் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஹளெகன்னடம் எனக்கு வராது. அந்த நண்பர் துணையோடு பகுதி பகுதியாகத் தெரிந்துகொண்டதை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துர்கசிம்மரின் சொந்த ஊர் கிசுகாடு நாட்டிலிருந்த சையடி என்னும் அக்ரஹாரம். இன்றைய கதக் மாவட்டத்து ரோண் தாலுகாவிலுள்ள சவடி என்ற ஊர்தான் அது என்று சொல்வார்கள். பட்டதகல் கோயில்களைப் பார்க்கப் போனவர்களுக்கு அந்தப் பிரதேசம் பழக்கமானது. வேத அத்யயனம் நடந்த அக்ரஹாரத்தில் பிறந்து, சங்கரபட்டர் என்ற குருவிடம் பயின்று, அரசவைக்கு உயர்ந்தவர் துர்கசிம்மர். பதவிக்கு வந்த பிறகும் ஊரை மறக்கவில்லை. அங்கே ஹரிக்கும் ஹரனுக்கும் கோயில்கள் எழுப்பினார். இவையெல்லாம் அவருடைய நூலிலிருந்தே தெரியவருகின்றன.

அவர் வகித்த பதவியின் பெயர் ஸந்திவிக்ரஹி. ஸந்தி என்றால் சமாதானம், விக்ரஹம் என்றால் போர். இன்றைய கணக்கில் வெளியுறவு அமைச்சரும் அந்தத் துறையின் செயலாளரும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளலாம். தானங்களைப் பதிவு செய்யும் அரச சாஸனங்களை எழுதவேண்டியவரும் ஸந்திவிக்ரஹியே என்று மிதாக்ஷரா கூறுகிறது. அதை இயற்றிய விஜ்ஞானேஸ்வரர் அதே சாளுக்கிய ராஜ்யத்தில், சில தலைமுறை கழித்து வாழ்ந்தவர். ஆக, ஒரு வார்த்தை பிசகினால் கிராமமே கைமாறிவிடும் என்று அறிந்து எழுதுகோலைப் பிடிக்கவேண்டிய பதவி அது. கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய எனக்கு இந்த இடத்தில் அவரிடம் தனி நெருக்கம் உண்டாகிறது.

அவருடைய அரசர் மேலைச் சாளுக்கிய வம்சத்து இரண்டாம் ஜெயசிம்மன். ஜகதேகமல்லன் என்பது பட்டப்பெயர். சுமார் 1015 முதல் 1043 வரை ஆண்டவர். பொன்னியின் செல்வன் படித்து வளர்ந்த நமக்கு இங்கே கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. இந்த ஜெயசிம்மனுக்கு எதிரி நம் ராஜேந்திர சோழனேதான்! 1021ஐ ஒட்டி முசங்கி என்ற இடத்தில் நடந்த போரில் ஜெயசிம்மன் புறமுதுகு காட்டி ஓடியதாக ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஆனாலும் ஜெயசிம்மன் அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அரசாண்டான். துங்கபத்ரை இரு பேரரசுகளுக்கும் எல்லையாக நின்றது. வேங்கி நாட்டிலோ, பட்டத்துக்குப் போட்டியிட்ட சகோதரர்களில் ராஜராஜ நரேந்திரனைச் சோழர்களும், விஜயாதித்யனைச் சாளுக்கியர்களும் ஆதரித்தார்கள். 1031ஐ ஒட்டிய காலத்தில் விஜயாதித்யன் வேங்கியைக் கைப்பற்றினான். சில வருஷங்களில் மீண்டும் ராஜராஜ நரேந்திரன் கை ஓங்கியது. யார் யாரோடு சேருவார், யார் எப்போது பிரிவார் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கவேண்டிய காலம்.

அந்தக் காலத்தில்தான் துர்கசிம்மர் பஞ்சதந்திரத்தை எழுதினார். நூலின் இறுதியிலுள்ள ஒரு செய்யுளைக் கொண்டு அது 1031ஆம் வருஷம் மார்ச் 8ஆம் தேதி முடிந்தது என்று ஆர். நரசிம்மாசார்யர் கணித்தார். அந்தச் செய்யுள் எல்லாச் சுவடிகளிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உரைநடையும் செய்யுளும் கலந்த சம்பூ வடிவத்தில் அமைந்த நூல் இது. பைசாச பாஷையில் குணாட்யர் செய்த பிருஹத்கதையிலிருந்து வசுபாகர் என்பவர் ஐந்து கதைகளை எடுத்து ஸம்ஸ்கிருதத்தில் தந்தார் என்றும், தாம் அதைக் கன்னடத்தில் சொல்வதாகவும் துர்கசிம்மர் குறிப்பிடுகிறார். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறைக்காத குணம் இது. தமக்கு முன் எழுதிய கன்னடக் கவிகளையும் பெயர் சொல்லி வணங்குகிறார். ஸ்ரீவிஜயர், அசகர், பம்பர், பொன்னர் ஆகியோர் அந்த வரிசையில் உண்டு. இவர்களில் பம்பரும் பொன்னரும் அசகரும் ஜைனர்கள். கோயில் கட்டிய ஸ்மார்த்தருக்கு அதில் எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய நூலிலேயே ஜைன வாசனை வீசுகிறது என்று அறிஞர்கள் சொல்வார்கள்.

பஞ்சதந்திரத்தின் அமைப்பு கதைக்குள் கதை. நரி சிங்கத்திடம் ஒரு கதை சொல்லும். அந்தக் கதையில் வரும் காக்கை இன்னொரு கதை சொல்லும். அதற்குள் வேறொன்று. குழந்தைகளுக்காகத் தனித்தனியாகப் பிரித்து அச்சிடும் புத்தகங்களில் இந்த அமைப்பு போய்விடுகிறது. அதோடு முக்கியமான விஷயமும் போய்விடுகிறது. மூல நூலில் ஒவ்வொரு கதையையும் யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம், ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் சொல்கிறார்கள். தமனகன் என்ற நரி எப்படிப்பட்டவன்? சிங்கத்திடம் எருதைப் பற்றியும், எருதிடம் சிங்கத்தைப் பற்றியும் பயமுறுத்துகிறான். அவன் எடுத்துக்காட்டும் நீதிகள் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் முடிவில் சஞ்சீவகன் என்ற அப்பாவி எருது உயிரிழக்கிறது. நல்ல கதையைக் கெட்டவனும் சொல்லலாம் என்பதே பஞ்சதந்திரத்தின் முதல் பாடம். கதையின் நீதியைக் கேட்குமுன் சொல்பவனின் லாபத்தைக் கேள் என்பது அதன் பொருள். தூதர்கள் வந்து இனிக்க இனிக்கப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே வேலையாக உள்ள ஸந்திவிக்ரஹிக்கு இதைவிடத் தேவையான பாடம் எது?

நமக்குப் பழக்கமான ஸம்ஸ்கிருதப் பஞ்சதந்திரத்தில் மித்திரபேதம், மித்திரலாபம், காகோலூகீயம், லப்தபிரணாசம், அபரீக்ஷிதகாரகம் என்ற வரிசை இருக்கும். துர்கசிம்மரின் நூலில் ஐந்து பகுதிகளும் பேதம், பரீக்ஷை, விஸ்வாசம், வஞ்சனை, மித்திரகாரியம் என்று பெயர் பெறுகின்றன. வரிசையும் மாறுகிறது. கடைசியில் வரும் கீரிப்பிள்ளைக் கதை இங்கே இரண்டாவதாக வந்துவிடுகிறது. குழந்தையைக் காப்பாற்றிய கீரியை, அதன் வாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்த மாத்திரத்தில் விசாரிக்காமல் கொன்ற கதைதான். மூன்றாவதாகக் காக்கைகளும் கோட்டான்களும். நான்காவதாகக் குரங்கும் முதலையும். நண்பர்கள் ஒருவரையொருவர் வலையிலிருந்து மீட்கும் கதை நிறைவாக வருகிறது.

இந்த வரிசையை அரசு ஊழியன் கண்ணோடு பார்க்கிறேன். முதலில் ஒருவர்மேல் கோள் வருகிறது. அடுத்து உடனே பரீக்ஷை, அதாவது விசாரணை, வரவேண்டும். பிறகுதான் யாரை நம்புவது என்ற கேள்வி. நம்பிக்கை உள்ள இடத்தில் வஞ்சனை நுழையும், அதையும் அறிந்திருக்கவேண்டும். வஞ்சனையைப் பற்றிய அறிவோடு நூல் நின்றுவிட்டால் மனிதன் யாரையும் நம்பாத சந்தேகப் பிராணியாகிவிடுவான். ஆகவே நட்பில் கொண்டுபோய் முடிக்கவேண்டும். தமிழில் தந்திரம் என்றால் சூழ்ச்சி என்றே பொருள் கொள்கிறோம். ஸம்ஸ்கிருதத்தில் அதற்கு நூல், முறை என்ற பொருளும் உண்டு. துர்கசிம்மர் தந்திருப்பது ஏமாற்றும் வித்தை அல்ல, ஏமாறாமலிருக்கும் முறை.

பஞ்சதந்திர மரபில் காக்கை, கோட்டான் பகுதியில் வரும் ஒரு கதையை எல்லோரும் அறிவோம். பிராமணர் ஒருவர் யாகத்துக்காக ஆட்டைத் தோளில் சுமந்து போகிறார். மூன்று போக்கிரிகள் வழியில் தனித்தனி இடங்களில் நின்றுகொண்டு, ஏன் நாயைச் சுமக்கிறீர் என்று ஒருவன் பின் ஒருவனாகக் கேட்கிறார்கள். மூன்றாமவன் கேட்டதும் அவர் ஆட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார். இதைச் சின்ன வயதில் கேட்டபோது சிரித்தோம். விஞ்ஞானம் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே முடிவை மூன்று பேர் தனித்தனியே கண்டால் அதை நம்பு என்றுதான் பரிசோதனைச் சாலையிலும் சொல்லித்தருகிறார்கள். பிராமணர் செய்ததும் அதுவே. அந்த மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களா என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஒரே வாயிலிருந்து வந்த மூன்று சாட்சிகள் ஒரு சாட்சியே.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற பெயரில் நடந்துவரும் மோசடிகளைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. முதலில் ஒருவன் போன் செய்து, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருப்பதாகச் சொல்வான். அடுத்தவன் போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றுவான். மூன்றாமவன் பெரிய அதிகாரியாகவோ நீதிபதியாகவோ வருவான். யாரிடமும் சொல்லாதே, அறையை விட்டு நகராதே என்பார்கள். பென்ஷன் பணத்தையெல்லாம் இழந்தவர்களில் படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் உண்டு. தனியாக வசிக்கும் மூத்த அங்கத்தினர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வீடியோவில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. துர்கசிம்மர் வைத்த வரிசைப்படி, பேதம் வந்தவுடன் பரீக்ஷை. போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையோ பிள்ளையையோ ஒரு வார்த்தை கேட்டால் போதும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

இந்தக் கதைகளைத் தேசம் தேசமாகக் கொண்டுசென்றவர்களில் அரசவை மனிதர்கள் பலர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வானின் வைத்தியர் புர்ஸோய் இதைப் பஹ்லவிக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் அதை அரபியில் கலீலா வ திம்னா என்று ஆக்கிய இப்னு அல்முகஃபா, துர்கசிம்மரைப் போலவே அரசாங்கக் கடிதங்கள் எழுதும் பணியில் இருந்தவர். கலீபாவின் சித்தப்பாவுக்காக அவர் எழுதிக்கொடுத்த அபயப் பத்திரத்தின் கடுமையான வாசகங்களே கலீபாவின் கோபத்துக்கும், அவருடைய கொடூரமான மரணத்துக்கும் காரணமாயின என்று சொல்வார்கள். அந்தப் பதவிகளில் இருந்தவர்களுக்கு நரியின் கதை பொழுதுபோக்கு அல்ல, உயிர்ப் பிரச்னை. வசுபாகரின் வழி வந்த கதைகள் கடல் கடந்து ஜாவாவிலும் இருக்கின்றன. மைசூர்ப் பேரறிஞர் ஏ. வெங்கடசுப்பையா துர்கசிம்மரின் நூலோடு அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தார். தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை 1826இல் வந்தது. கன்னட நூல் அதற்கு ஏறக்குறைய எண்ணூறு வருஷம் மூத்தது.

ஜெயசிம்மன் பிடித்த எல்லைகளும் ராஜேந்திரன் பிடித்த எல்லைகளும் இன்று இல்லை. துர்கசிம்மர் எழுதிய ஒப்பந்தங்கள் எந்த ஓலையோடு போயினவோ! உத்தியோகத்துக்கு நடுவே அவர் எழுதிய கதைகள் மட்டும் ஆயிரம் வருஷத்தை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. 2031இல் அந்த ஆயிரம் நிறைவாகிறது. அதற்குள் நம் அகங்களில் பேரன் பேத்திகளுக்கு ஒரு கதையாவது சொல்வோம். சொல்லி முடித்ததும் நீதி என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்தக் கதையை நரி ஏன் சொன்னது என்றும் அவர்களைக் கேட்போம்.